நான் வெட்டாமல் விட்ட மரம்

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்மணி கேட்டார்: “இப்படிச் செய்ய உங்களுக்கு வெட்கமாக இல்லையா?” பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. மேட்டைப் பிளந்து ரயில் பாதை போட்ட பள்ளத்தின் சரிவில், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து, கையில் ரம்பத்துடன் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் சங்கிலி ரம்பம் ஓட்டுகிறவர் அப்போதுதான் மோட்டாரை நிறுத்தியிருந்தார். ஆனால் காதுக் கவசத்தைக் கழற்றவில்லை. மற்றவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கேள்வி எனக்கு மட்டுமே வந்து சேர்ந்தது. என்னைச் சுற்றி வெட்டிப்போட்ட பிர்ச், ஆஷ், சிகமோர் கிளைகள். நிமிர்ந்து பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரியாமல் கேட்டிருந்தால் அன்று மாலைக்குள் மறந்திருப்பேன். உறுத்தியதற்குக் காரணம் வேறு. அதே கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் அன்று காலை முழுவதும் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். வேப்பங்கன்றுக்கு முள்வேலி கட்டிக் காவல் காத்த குடும்பத்தில் வளர்ந்தவன், கடல் தாண்டி வந்து வார விடுமுறையில் மரம் வெட்டுகிறான். அதுவும் கூலி இல்லாமல்.

அந்தக் கேள்வியின் விளைவாக அன்று மதியம் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

“கீ அடிக்கத் தெரியுமா?”

இங்கிலாந்தின் ஒரு பாரம்பரிய நீராவி ரயில் பாதையில் நான் தன்னார்வலன். பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போகப் புரியும். எஞ்சின் ஓட்டுகிறேனா என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். இல்லை. நான் பாதைக் குழு. எஞ்சினுக்குப் பித்தளை துடைக்க ஆள் வரிசையில் நிற்கும். வடிகால் தோண்ட ஆள் தேட வேண்டும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், இயற்பியல் ஆசிரியை ஒருவர், எலெக்ட்ரீஷியன், கல்லூரிப் பையன், கணக்கு எழுதிப் பிழைக்கும் நான். தலைவருக்கு வயது 74. பல் மருத்துவர் கடப்பாரை பிடிக்கும் நேர்த்தியைப் பார்த்தால், அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும்.

என் தாய்மாமா இந்திய ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்குப் பின்னாளில் டிராக்மேன் என்று பெயர் மாற்றினார்கள். வெயில் மாறவில்லை என்பார். நான் இந்த வேலையில் சேர்ந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, “சம்பளம் எவ்வளவு மாப்பிள்ளை?” என்றார். சம்பளம் இல்லை மாமா என்றேன். “பெட்ரோல் காசு?” அதுவும் என் கையிலிருந்துதான் என்றேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. தன் அக்கா மகனைப் படிக்க வைக்கத் தான் கொடுத்த பணமெல்லாம் சுற்றி வளைத்து மறுபடி தண்டவாளத்திலேயே வந்து நிற்கிறதே என்று நினைத்திருப்பார். பிறகு தொழில்காரருக்கே உரிய ஆர்வம் மற்றதை வென்றுவிட்டது. “சரி, கீ அடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும். எங்கள் பாதையில் கீ மரத்தால் ஆனது. மாமாவால் இதை நம்ப முடியவில்லை. இரும்புக் கீ மட்டுமே பார்த்தவர் அவர். பழைய பிரிட்டிஷ் தண்டவாளத்துக்கு அடியில் தட்டையான பாதம் கிடையாது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே போலக் குமிழ்ந்திருக்கும். தானாக நிற்காது. ஸ்லீப்பர் கட்டையில் திருகிய, நாற்காலி என்று நாங்கள் சொல்லும் வார்ப்பிரும்புத் தாங்கியில் அதை உட்கார வைத்து, பக்கவாட்டில் ஓக் மரத்துண்டு ஒன்றை ஆப்பு போல அடித்து இறுக்க வேண்டும். அதுதான் கீ. 60 அடி நீளத் தண்டவாளம் ஒன்றின் எடை சுமார் 860 கிலோ. அத்தனையையும் உள்ளங்கை நீளத்தை விடக் கொஞ்சம் பெரிய மரத்துண்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகிக்கொள்ளும். வறண்ட கோடையில் சுருங்கி நழுவி ஜல்லியில் விழுந்து கிடக்கும். ஆகவே வெயில் காலத்தில் நீண்ட காம்புச் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நடந்தே போக வேண்டும். தளர்ந்த கீயில் அடித்தால் ஓசை பொத்தென்று இருக்கும். இறுகியதில் கிண்ணென்று தெறிக்கும். “அதே சத்தம்தான்” என்றார் மாமா, மிகுந்த திருப்தியோடு.

பாதையைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் புகார் உண்டு. மரத்துக்கு வருகிறேன்.

மழித்த சரிவு

பழைய சரக்குப் பெட்டி ஒன்றுதான் எங்களுக்கு டீக்கடை, உடை மாற்றும் அறை, சண்டை போடும் இடம் எல்லாம். அதன் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தொங்குகிறது. 1950-களில் எடுத்தது. அந்தப் பெண்மணி நின்றாரே, அதே பாலம், அதே பள்ளம். ஆனால் சரிவில் ஒரு மரம் இல்லை. ஒரு புதர் இல்லை. நாவிதர் இப்போதுதான் எழுந்து போன தலை போல, இரு பக்கமும் புல் ஒட்ட வெட்டியிருக்கிறது. வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் தந்திக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை மைல் என்று பாதையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கோடையில் அவர்கள் அரிவாளோடு சரிவில் இறங்கிப் புல் அறுத்தார்கள். காய்ந்த புல் தீவனமாயிற்று. மிச்சத்தைக் கவனமாக எரித்தார்கள். அழகுக்காகச் செய்த வேலையில்லை. நீராவி எஞ்சின் நெருப்புத் துகளைத் துப்பிக்கொண்டே போகும் பிராணி. புகைபோக்கியிலிருந்தும் சாம்பல் தட்டிலிருந்தும் விழும் ஒரு கங்கு போதும், காய்ந்த புல் பிடித்துக்கொள்ள. பிடித்தால் வேலியைத் தாண்டி விவசாயியின் கதிருக்குப் போகும். இதற்கென்றே 1905-இல் ரயில்வே தீ விபத்துச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள்: எஞ்சின் பொறியால் பயிர் எரிந்தால், 100 பவுண்டு வரை ரயில்வே நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். 1923-இல் அதை 200 ஆக உயர்த்தினார்கள். காசு போகிறது என்றால் புல்லும் அறுபடும்.

1968 ஆகஸ்டோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி முடிந்தது. பொறி நின்றது, அரிவாளும் நின்றது, குழுக்களும் சுருங்கின. நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்ன 1963-இன் பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு மூடிய கிளைப் பாதைகளில் மரங்களுக்குக் கேட்பாரே இல்லை. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆதிகாலத்துக் காடு போலத் தெரியும் எங்கள் பள்ளத்தில், நான் வெட்டிய எந்த மரத்தின் வளையத்தை எண்ணினாலும் அறுபதைத் தாண்டவில்லை.

இந்தப் புகைப்படத்தைக் காட்டித்தான் குழுவில் எல்லோரும் வாதம் செய்வார்கள். பாரம்பரியம் என்றால் இதுதான் பாரம்பரியம். எஞ்சினுக்கு 1950-இன் வண்ணத்தைத் தேடித் தேடிப் பூசுகிறோம், சரிவை மட்டும் எப்படி இப்படி விடலாம் என்பார்கள். சரியான வாதம்தான். ஆனால் எனக்கு அதில் முழுச் சம்மதம் வந்ததே இல்லை. பழைய புகைப்படம் ஒன்று நமக்கு ஆணையிட முடியுமா? முடியும் என்றால், அதில் ஜல்லியில் நின்று சிகரெட் பிடிக்கும் ஆளைப் போல நாமும் பளபளக்கும் ஜாக்கெட் போடாமல் தண்டவாளத்தில் நிற்க வேண்டுமே. ரயில் பாதைக்கும் செடிக்கும் உள்ள உறவும் அத்தனை சுலபமானதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் என்று மஞ்சள் பூப் பூக்கும் செடி ஒன்று உண்டு. சிசிலியின் எரிமலைச் சரிவுகளைச் சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவிலிருந்து தப்பி, ரயில் நிலையத்தை அடைந்து, பாதையில் கொட்டியிருந்த கரிக் கசடில் சொந்த ஊர் மண்ணைக் கண்டுகொண்டு, ரயிலோடு ரயிலாக நாடு முழுவதும் பரவிவிட்டது. டிக்கெட் எடுக்காமல் வந்து குடியேறியதை எப்படிக் குற்றம் சொல்வது? எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பாசம்.

வேல்ஸில் டலித்லின் என்று ஒரு குறும்பாதை இருக்கிறது. 1951-இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கிய, உலகத்திலேயே முதல் பாதுகாக்கப்பட்ட ரயில் பாதை அது. அவர்கள் கைக்கு வந்தபோது ஸ்லீப்பர்கள் உளுத்துப்போய், 1860-களின் தண்டவாளங்களைப் புல்தான் விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்பார்கள். எங்கள் தலைவர் இதைச் சொல்லும்போதெல்லாம், “ஆகவே புல்லைப் பிடுங்குவதற்கு முன் யோசியுங்கள்” என்று சிரிப்பார். எனக்கு அது வெறும் சிரிப்பாகத் தோன்றுவதில்லை.

இலை விழும் இடம்

மரத்துக்கு எதிராக என்னை ஓரளவு மாற்றியது நெருப்பைவிடத் தண்ணீர். 2022 ஜூலையில் இந்த நாட்டில் வெப்பம் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது பல பாரம்பரிய ரயில் பாதைகள் தீக்குப் பயந்து நீராவி எஞ்சினை நிறுத்திவிட்டு டீசலை ஓட்டின, நாங்களும்தான். அது கோடைக்கால நாடகம், எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் வேலையோ கண்ணுக்குத் தெரியாது.

பள்ளத்தின் அடியில், தண்டவாளத்துக்கு இணையாக வடிகால் ஓடுகிறது. முப்பது கெஜத்துக்கு ஒன்றாகச் சிறு தொட்டிகள். ஒரு நவம்பரில் நானும் இயற்பியல் ஆசிரியையும் ஒரு தொட்டியின் மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே தண்ணீர் இல்லை, மண்ணும் இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திப் படிந்த இலை. மேலே இந்த ஆண்டின் மஞ்சள், அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே கறுத்துப்போய் வழவழவென்று கைக்கு வந்த ஒரு பசை. அழுகிய முட்டை நாற்றம். முழங்கை வரை கைவிட்டு வாரி வாரிப் போட்டோம். எட்டாவது வாளியில் குழாயின் வாய் அகப்பட்டது. விரலால் குடைந்தேன். களுக்கென்று ஒரு சத்தம். பிறகு மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்தது. எத்தனை ஆண்டுத் தண்ணீரோ. ஆசிரியை கைதட்டினார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக என் அலுவலகத்தில் இதுவரை எதுவும் நடக்கவில்லை.

வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்பதை அங்கிருந்து இருபது அடியில் பார்த்தோம். ஜல்லியின் நடுவே வெளிறிய சேறு, கஞ்சி கொட்டியது போல. ரயில் ஏறும்போது ஸ்லீப்பர் அமுங்குகிறது, போனதும் எழுகிறது. எழும் ஒவ்வொரு முறையும் அடியிலிருக்கும் களிமண்ணை உறிஞ்சி மேலே துப்புகிறது. துப்பிய இடம் குழியாகிறது. குழியில் அடுத்த ரயில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. இருநூறு டன்னுக்கு மேற்பட்ட வண்டி ஒரு இலைக் குவியலால் ஆட்டம் காண்கிறது. 2007 கோடை மழையில் செவர்ன் வேலி என்ற இன்னொரு பாரம்பரிய ரயில் பாதையில் பல இடங்களில் கரை சரிந்து, மறுபடி முழுப் பாதையும் திறக்க 2008 மார்ச் ஆயிற்று. தண்ணீருக்கு வழிவிடாத பாதையைத் தண்ணீர் தானே வழியாக்கிக்கொள்ளும்.

அதற்காக எல்லா மரத்தையும் சாய்த்துவிடலாம் என்றும் இல்லை. சரிவின் மண்ணை வேர் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் வெட்டினாலும் கட்டையைப் பிடுங்க மாட்டோம். களிமண் கரையில் அதே வேர் கோடையில் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும். ஆஷ் மரங்களை 2012-இல் இந்த நாட்டில் கண்டுபிடித்த பூஞ்சை நோய் உச்சியிலிருந்து கொன்றுகொண்டு வருகிறது; பாதையோரத்தில் காய்ந்த ஆஷ் நிற்பது தலைக்கு மேல் கத்தி தொங்குவது போல. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். 1981-இன் வனவிலங்குச் சட்டப்படி, குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது குற்றம். ஆகவே எங்கள் வெட்டு வேலை முழுவதும் இலையில்லாத குளிர்காலத்தில்தான் நடக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆரஞ்சுப் புள்ளி

அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வெட்ட வேண்டிய மரங்களில் தலைவர் முந்தைய வாரமே ஆரஞ்சு நிறப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். மதியத்துக்கு மேல், பள்ளம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எனக்குப் பிரித்துக் கொடுத்த வரிசையின் கடைசியில் ஒரு ஹாத்தார்ன் நின்றது. முள்மரம், என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். மே மாதத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பதை முந்தைய ஆண்டு ரயிலிலிருந்தே பார்த்திருக்கிறேன். இப்போது வெறும் குச்சிகள். குச்சிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி விசில் பலகை தெளிவாகத் தெரிந்தது. சிவப்புப் பழங்கள் இரண்டு இன்னும் உதிராமல் இருந்தன. ரம்பத்தை வைத்தேன். “வெட்கமாக இல்லையா” என்று காதில் கேட்டது. ரம்பத்தை எடுத்தேன். பூட்ஸ் அடியிலிருந்து சேற்றை வழித்து ஆரஞ்சுப் புள்ளியின் மேல் பூசினேன். டீக்கு நடந்தேன்.

இது ஜீவகாருண்யம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மாலையில் கார் ஓட்டி வீடு திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. அந்தப் பெண்மணிக்கு ஒரு பதில் கொடுத்துவிட்டது போல.

விசில் பலகை என்பது பாதையின் இடது ஓரத்தில் நிற்கும் சிறிய பலகை. அதைப் பார்த்ததும் ஓட்டுநர் விசில் அடிக்க வேண்டும். எங்கள் பலகைக்கு ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி, வயல்களுக்கு இடையே போகும் ஒற்றையடிப் பாதை தண்டவாளத்தைக் கடக்கிறது. கேட் இல்லை, விளக்கு இல்லை. நின்று பார்த்துக் கேட்டுக் கடக்கவும் என்று ஒரு அறிவிப்பு மட்டும். வளைவு இருப்பதால் பார்ப்பதைவிடக் கேட்பதைத்தான் நம்ப வேண்டும். எங்கள் உச்ச வேகம் மணிக்கு 25 மைல். நொடிக்குப் பதினொரு மீட்டர். விசில் கேட்டதிலிருந்து ரயில் வந்து சேர 18 நொடி. ஊன்றுகோலோடு வருகிறவர்கூடக் கடந்துவிடலாம். விசில் இல்லாவிட்டால் கணக்கு வேறு.

ஜூன் மாதம் சிறப்பு ஓட்டம். வேறு பாதையிலிருந்து விருந்தாளியாக ஒரு எஞ்சின் வந்திருந்தது; கிரேட் வெஸ்டர்ன் என்ற பழைய ரயில்வே நிறுவனத்தின் வகை. இந்த விவரம் முக்கியம். எங்கள் சொந்த எஞ்சின்களில் ஓட்டுநர் இடது பக்கம் நிற்பார். கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களில் வலது பக்கம். இடது பக்க வளைவில் இடது ஓரத்துப் பலகையை அவர் கொதிகலனுக்கு அப்பால் பார்க்க வேண்டும். கிட்டே வந்தால் கொதிகலன் மறைத்துவிடும், தூரத்திலேயே பார்த்தால்தான் உண்டு. தூரத்தில் இப்போது என் ஹாத்தார்ன் நின்றது. பூ உதிர்ந்து, இலை அடர்ந்து, பச்சைத் திரை போல. இடது பக்கம் இருந்த தீயாள் அந்த நேரம் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தார். விசில் அடிக்கவில்லை.

வேலிப்படியைத் தாண்டி இறங்கிய ஒருவர் தண்டவாளத்துக்கு ஒரு எட்டு முன்னால் தன் நாய் நின்றுவிட்டதைப் பார்த்து நின்றார். நாய் எதற்கு நின்றதோ. ரயில் அவர் முன்னால் போயிற்று. அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் சத்தம் போடக்கூட இல்லை. மறுநாள் நிலையத்துக்கு வந்து மிக மரியாதையாகத் தெரிவித்துவிட்டுப் போனார். ஓட்டுநர் அதற்கு முன்பே, அன்று மாலையே, தானாக அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார்: பலகை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை தலைவரும் நானும் அந்த இடத்துக்கு நடந்து போனோம். வழியில் அவர் பூக்களைப் பற்றிப் பேசினார். மரத்தடியில் நின்று தண்டை உற்றுப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். உள்ளே ஆரஞ்சு. நான் சொல்ல நினைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பாலம், பெண்மணி, வேப்பங்கன்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை?”

அதுதான் எனக்கு விழுந்த அடி. ஏன் வெட்டவில்லை என்று கேட்டிருந்தால் என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு வாதம் இருந்தது. மரத்தைக் காப்பாற்றினேன் என்று நான்கு மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தது மரத்தைப் பற்றியதே இல்லை. என்னைப் பற்றி நான் நல்லபடியாக நினைத்துக்கொள்ளும் ஏற்பாடு. மரத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் டீக்கு வந்ததும் சொல்லியிருப்பேன்.

வெட்டிவிடலாம், இன்றே, என்றேன். அவர் கிளையை விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பிளாக்பேர்ட் கூடு. மூன்று வாய்கள் திறந்திருந்தன. சட்டம் இடம் கொடுக்காது. அன்றே அந்த இடத்தில் வேகத்தை மணிக்கு 10 மைலாகக் குறைத்துப் பலகை வைத்தோம். பாதைப் பொறுப்பாளர்கள் வந்து அளந்தார்கள், எஞ்சினில் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள், தாள்களில் கையெழுத்துப் போட்டார்கள். பத்து நாளில் முடிவு வந்தது: விசில் பலகையை மரத்துக்கு முன்பக்கம் நகர்த்துங்கள். பதினைந்து மீட்டர். எச்சரிக்கை நேரம் ஒரு நொடிக்கு மேல் கூடும், குறையாது. நானும் கல்லூரிப் பையனும் குழி தோண்டிக் கம்பத்தை நட்டு மண் கெட்டித்தோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. பிப்ரவரியில் கேட்டிருந்தாலும் இதே நாற்பது நிமிடம்தான்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “பலகையை வைத்தவன் ரயில் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் என்று பார்த்து வைத்தானா, இல்லை குழி தோண்ட மண் இளகலாக இருந்த இடத்தில் வைத்தானா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் பழைய இடத்தில் மண் உண்மையிலேயே இளகல்.

ஹாத்தார்ன் இன்னும் நிற்கிறது. பாதைப் பக்கம் நீளும் கிளைகளைக் குளிர்காலத்தில் நான் கழிக்கிறேன்; கையில் முள் கீறாமல் ஒரு முறைகூட வீடு திரும்பியதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினில் ஏறி, பள்ளம் தொடங்கி வயல் வரை இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் குச்சியாக நிற்பது ஜூனில் என்னவாக நிற்கும் என்று சரக்குப் பெட்டியின் மேஜையில் பரப்பிப் பார்க்க. தலைவர் இன்னொரு பெயிண்ட் டப்பா வாங்கினார், நீலம். ஆரஞ்சு என்றால் வெட்டு. நீலம் என்றால் யாருக்கோ சந்தேகம், டீ குடிக்கும்போது பேசு. முதல் ஆண்டு நான் வைத்த நீலப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பல் மருத்துவர், மரத்துக்கெல்லாம் அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

இந்த ஆண்டு பாலத்துக்குக் கீழே இரண்டே நீலம். ஒரு ஹேசல், அரை மணி நேரம் வாதாடி விட்டுவிட்டோம். இன்னொன்று ஆஷ், உச்சியில் பாதி காய்ந்திருந்தது. அதை நானே வெட்டினேன். விழுந்த கிளைகளை இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே யாரோ நிற்பது தெரிந்தது. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் சுவருக்கு மேலே தலையை மட்டும் நீட்டி, ரயில் எப்போது வரும் என்று கேட்டான். மார்ச் கடைசி வாரம் என்றேன்.